நவோஷிமாவைப் பூசணியோடு முடித்துவிடாதீர்கள்: ஜப்பான் சுற்றுலா நடத்தும் நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

பயண நிறுவன நிர்வாகிகளுக்கு,

அடுத்த வசந்த காலத்துக்கான ஜப்பான் பயணத் திட்டத்தைப் பழைய பயணிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தீர்கள். முன்பு ‘நவோஷிமா கலைத் தீவு, முழு நாள்’ என்று இருந்த இடத்தில் இப்போது ‘நவோஷிமா: மஞ்சள் பூசணி போட்டோ ஸ்டாப், பிறகு ஒகாயாமாவில் ஷாப்பிங்’ என்று இருக்கிறது. பூசணி என்றால் கடலோரத்தில் வைத்திருக்கிற பெரிய பூசணிச் சிற்பம். சிச்சூ அருங்காட்சியகத்தைக் காணோம். ஹொன்முரா கிராமத்தில் பழைய வீடுகளையே கலைப்படைப்பாக மாற்றி வைத்திருக்கிற கலை வீடுகளையும் காணோம். ஏன் எடுத்துவிட்டீர்கள் என்று குழுவில் கேட்டேன். உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த பதில் இது: “ஃபீட்பேக் பார்த்துதான் எடுத்தோம் மேடம். காலி ரூமைக் காட்டி நம்ம ஆளுங்களை உட்கார வைக்க முடியல. நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது.”

அதன் பிறகு தனியாக ஒரு நீண்ட மின்னஞ்சல் எழுதினேன். ‘நோட்டட் மேடம்’ என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று. நிறுவனத்தின் பெயரை இங்கே நான் சொல்லப் போவதில்லை. உங்கள் தொழிலைக் கெடுப்பது என் நோக்கமில்லை. தமிழ்ப் பயணிகளை ஜப்பானுக்குக் கூட்டிப்போகும் மற்ற நிறுவனங்களும் இதைப் படித்தால் நல்லது.

நான் ஓவியம் படித்தவள் இல்லை. தபால் நிலையக் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். உங்கள் பயணத்தில் பணம் கட்டியதற்குக் காரணமே நவோஷிமாதான். டோக்கியோ, கியோட்டோ எல்லாம் எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் இருக்கிறது. சாம்பார் சாதமும் தமிழ் பேசும் டூர் மேனேஜரும் வைத்துக்கொண்டு நவோஷிமாவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருந்தவர்கள் நான் பார்த்தவரை நீங்கள் மட்டும்தான். அதற்காக இப்போதும் உங்களைப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த முழு நாள் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கொடுக்காத ஒன்றை ‘பிடிக்கவில்லை’ என்று எங்கள் தலையில் எழுதுவதைத்தான் என்னால் சும்மா விட முடியவில்லை.

அன்று நடந்தது உங்களுக்கு முழுதாகத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். ஒசாகாவில் காலைச் சாப்பாடு இழுத்துக்கொண்டு போனது. ஊனோ துறைமுகத்துக்கு வந்து சேரும்போதே வெயில் உச்சிக்கு வந்திருந்தது. இருபது நிமிட ஃபெர்ரி. இறங்கியதும் மியானௌரா துறைமுகத்தில் சிவப்புப் பூசணி. அங்கே குழுப் படம், குடும்பப் படம், தனித்தனிப் படம். அப்புறம் வேனில் ஏறி மஞ்சள் பூசணி. மறுபடியும் அதே வரிசை. பொட்டலத் தயிர் சாதம். இவ்வளவும் முடிந்த பிறகுதான் சிச்சூ. வாசலில் வைத்து மேனேஜர் தம்பி சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: “உள்ள போட்டோ அலவ்டு இல்ல. அரை மணி நேரம்தான் டைம். பெரிசா ஒண்ணும் இருக்காது, ரூம் ரூமா காலியாத்தான் இருக்கும். கால் வலிக்குதுன்னா இங்கயே உட்கார்ந்துக்கங்க.” பாதிப் பேர் உட்கார்ந்துகொண்டார்கள். வாங்கிய டிக்கெட் வாங்கியபடியே கிடந்தது.

அந்தத் தம்பியைக் குறை சொல்லவில்லை. ஒருவருக்குச் சர்க்கரை மாத்திரை, இன்னொருவருக்கு வெந்நீர், மூன்றாமவருக்குச் சிம் கார்டு என்று நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தவர் அவர். அந்த அறைகளில் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவரே அதற்கு முன் உள்ளே போனதில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள்.

அரை மணி நேரத்தில் எதை விட்டுவிட்டு வந்தோம் என்று சொல்கிறேன்.

சிச்சூ அருங்காட்சியகம் 2004இல் திறந்தது. வடிவமைத்தவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ததாவோ ஆண்டோ. கடலோரக் குன்றின் அழகு கெடக் கூடாது என்று கட்டடத்தில் பெரும்பகுதியை மண்ணுக்குள் இறக்கிவிட்டார். அப்படியும் உள்ளே பகல் வெளிச்சம் வருகிறது. மேலே திறப்பு வைத்திருக்கிறார்கள். உள்ளே மூன்றே மூன்று கலைஞர்கள்: கிளோது மோனே, வால்டர் டி மரியா, ஜேம்ஸ் டரெல். ஒவ்வொருவரின் படைப்பையும் மனதில் வைத்தே அந்தந்த அறையைக் கட்டியிருக்கிறார்கள். இன்ஸ்டலேஷன் கலை என்பதே அதுதான். சுவரில் மாட்டியதைப் போகிற போக்கில் பார்த்துவிட்டுப் போவதில்லை. அறை, வெளிச்சம், தரை, உள்ளே நிற்கிற நாம் எல்லாம் சேர்ந்ததுதான் படைப்பு. அதில் நேரத்தை எடுத்துவிட்டால் உங்கள் அலுவலகம் சொல்கிற காலி அறைதான் மிஞ்சும்.

மோனேயின் அறையில் விளக்கே கிடையாது. ஐந்து அல்லி ஓவியங்கள், மேலேயிருந்து வடிந்து வரும் பகல் வெளிச்சம், அவ்வளவுதான். செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் கொடுக்கிற செருப்பைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். தரை முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைப் பளிங்குக் கட்டிகள், ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டர்தான். வெளியே ஒரு மேகம் கடந்தபோது உள்ளே அல்லிக்குளமே மங்கி, பிறகு மெல்லத் தெளிந்தது. அந்த மேகம் கடக்க நாலைந்து நிமிடம் ஆனது. எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் அதற்குள் அடுத்த அறைக்குப் போய்விட்டிருந்தார்கள், மேனேஜர் கையைக் காட்டிக்கொண்டிருந்ததால்.

டி மரியாவின் அறை எனக்கு அதற்கும் மேல். மாடிப்படிகளாலான ஒரு பெரிய கூடம். நடுப் படியில் 2.2 மீட்டர் விட்டமுள்ள கருங்கல் உருண்டை, கண்ணாடி மாதிரி மெருகேற்றியது. சுவரோரமெல்லாம் தங்க இலை ஒட்டிய 27 மரச் சிற்பங்கள். கூரைத் திறப்பிலிருந்து விழும் வெயில் நகர நகர அந்த உருண்டையில் வேறு வேறு இடம் மினுங்குகிறது. நம் குழுவில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வந்திருந்தாரே, மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் படியில் உட்கார்ந்து மனக்கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். “ஏனுங்க, குறுக்களவு ரெண்டேகால் மீட்டர்னு வெச்சா இது பதினஞ்சு டன்னுக்குக் குறையாதுங்க. இத எப்படிங்க உள்ள இறக்குனாங்க? கதவு இவ்வளவுதானே இருக்குது?” அப்புறம் எழுந்து ஒரு பக்கமிருந்து தங்கச் சிற்பங்களை எண்ணத் தொடங்கினார். படி ஏறி ஏறி ஒவ்வொன்றையும் நின்று பார்த்தார். உருண்டைக்குள் சின்னதாகத் தெரியும் தன் உருவத்தையும் அதற்குப் பின்னால் தெரியும் வானத்துண்டையும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எண்ணிக்கை பாதியில் இருக்கும்போது போன் வந்துவிட்டது: “சார், எல்லாரும் வேன்ல வெயிட்டிங்.” அவர் என்னிடம் சொன்னது இதுதான்: “இன்னும் பத்து நிமிசம் குடுத்திருக்கலாமுங்க.”

இந்த மனிதரையும் சேர்த்துத்தான் ‘நம்ம ஆளுங்களுக்கு ஒத்துவராது’ என்று எழுதினீர்கள்.

டரெலின் ‘ஓப்பன் ஃபீல்டு’ அறையை எங்களில் யாருமே பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, படியேறி, சுவரில் ஒட்டிய நிறப் பலகை போல் தெரிகிற ஒன்றுக்குள் நேராக நடந்து போகலாமாம். அது பலகையே இல்லை, வெளிச்சம் நிரம்பிய இன்னொரு அறை. ஒரு தடவைக்குக் கொஞ்சம் பேரைத்தான் விடுவார்கள். அதனால் வரிசை நின்றது. வரிசையைப் பார்த்ததும் மேனேஜர் எங்களைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். திருப்பதியில் எத்தனையோ மணி நேரம் நின்று பழகிய எங்களுக்கு அந்த வரிசை ஒரு பொருட்டா? எங்களைக் கேட்டிருக்கலாம்.

இதெல்லாம் நேரக் குறைவு. ஹொன்முராவில் நடந்தது அதைவிட மோசம்.

அங்கே மினாமிதேரா என்று ஒரு மரக் கட்டடம். பழைய கோயில் ஒன்று இருந்த இடத்தில் ஆண்டோ வடிவமைத்தது. உள்ளே டரெலின் படைப்பு, 1999ஆம் ஆண்டுடையது. கும்மிருட்டு. சுவரைத் தடவிக்கொண்டே போய் ஒரு பெஞ்சில் உட்கார வேண்டும். கொஞ்ச நேரம் எதுவும் தெரியாது. பிறகு எதிரே மிக மங்கலாக ஒரு செவ்வகம் தெரிய ஆரம்பிக்கும். அந்த வெளிச்சத்தை யாரும் கூட்டுவதில்லை. நாம் நுழைந்தபோதே அது அங்கே இருந்தது. நம் கண்தான் தாமதமாக வருகிறது. இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் கூடுதலாகும். இடையில் பளிச்சென்று வெளிச்சம் பட்டால் பழகியதில் பெரும்பகுதி போய்விடும்.

இதில் ஒரு வார்த்தைகூட எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வாசலில் நின்ற ஜப்பானியப் பெண் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். எங்களில் பலருக்கு விளங்கவில்லை. மேனேஜர் வெளியே இரவுச் சாப்பாட்டுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே போனோம். திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “என்னடி இது, எனக்குக் கண்ணு போயிருச்சா?” என்றார். மூச்சு வாங்கியது. அவருடைய மருமகன் பதறிப்போய் செல்போன் டார்ச்சை அடித்துவிட்டார்.

அவ்வளவுதான். கருப்புச் சுவர், மர பெஞ்சு, அதில் கண்ணைக் கூசிக்கொண்டு வரிசையாக நாங்கள். கடைசியில் ஒரு வயதான ஜப்பானியத் தம்பதி. எல்லோரையும் வெளியே வரச் சொன்னார்கள். யாரும் எதையும் பார்க்கவில்லை. அந்தத் தம்பதி எங்களைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள். என் முகம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்த மருமகன் மேல் எந்தத் தப்பும் இல்லை. இருட்டில் மாமியார் பயந்தால் யாராக இருந்தாலும் டார்ச்சைத்தான் அடிப்பார்கள். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அம்மாவும் பயந்திருக்க மாட்டார். பயமாக இருக்கிறது என்றால் வெளியிலேயே இருந்திருப்பார்.

நல்ல வேளை, அடுத்த சுற்றில் கூட்டம் குறைவு. அந்தப் பெண்ணிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டேன். விருப்பமுள்ளவர்களை மறுபடி விட்டாள். திண்டுக்கல் அம்மாவிடம், “ராத்திரி கரண்ட் போனா முதல்ல ஒண்ணும் தெரியாதுல்லம்மா, அப்புறம் ஜன்னல் தெரியும், பீரோ தெரியும், ஆள் தெரியும்... அதேதான் இங்கயும்” என்றேன். “அவ்வளவுதானா? இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?” என்று எழுந்து வந்துவிட்டார். உள்ளே ஏழெட்டு நிமிடம் எல்லோரும் மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தோம். சாம்பல் நிறத்தில் ஏதோ இருக்கிற மாதிரி இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பிறகு அது இருந்தது. எழுந்து அதை நோக்கி நடக்கச் சொன்னார்கள். நடந்தோம். அந்த அம்மா கையை நீட்டித் தொடப் பார்த்தார். தொட அங்கே சுவரே இல்லை, கை உள்ளே போயிற்று. “அடி ஆத்தி!” என்றார். அந்தப் பயணத்தில் யார் வாயிலிருந்தும் நான் கேட்ட நல்ல விமர்சனம் அதுதான்.

தமிழில் ஒரு வாக்கியம். கரண்ட் போன வீட்டை நினைவுபடுத்தும் ஒரே வாக்கியம். அது போதுமாக இருந்தது.

இனி உங்கள் ஃபீட்பேக் படிவத்துக்கு வருகிறேன். ஹோட்டலுக்கு மதிப்பெண், சாப்பாட்டுக்கு மதிப்பெண், பஸ்ஸுக்கு மதிப்பெண். அப்புறம் ‘எந்த இடம் போரடித்தது?’ என்று ஒரு கேள்வி. நேரம் போதுமானதாக இருந்ததா, விளக்கம் கொடுத்தார்களா என்று எங்கேயும் இல்லை. சிச்சூ வாசலிலேயே உட்கார வைக்கப்பட்டவர்கள் அதில் ‘சிச்சூ’ என்று எழுதினார்கள். வாசலில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் யாருக்கும் போரடிக்கத்தான் செய்யும். உள்ளே போகாதவர்களிடம் உள்ளே எப்படி என்று கேட்டுவிட்டு, அதை வைத்து அடுத்த குழுவுக்குக் கதவைச் சாத்துவது எந்த ஊர் நியாயம்?

‘நம்ம ஆளுங்க’ என்று நீங்கள் சொல்வதை நான் கொச்சியிலும் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கொச்சி முசிறிஸ் பினாலே கலைக் கண்காட்சியில், 2016 டிசம்பரில் தொடங்கிய சுற்றில், ஆஸ்பின்வால் ஹவுஸ் என்ற இடத்தில், சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டா ஒரு பெரிய கூடத்துக்குள் கடல்நீரை நிரப்பியிருந்தார். கடலில் இறந்துபோன ஓர் அகதிச் சிறுவனுக்காக எழுதிய வரிகளைப் படிக்க வேண்டுமானால் அந்தத் தண்ணீருக்குள் நடந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டும். அலுவலகத் தோழிகளோடு போயிருந்தேன். புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு நடந்தோம். எங்களுக்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர், பள்ளிப் பிள்ளைகள், கைக்குழந்தையோடு ஒரு பெண். உள்ளே போகும்போது சிரித்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வரும்போது சிரிக்கவில்லை. அவர்களில் யாருக்கும் கலை வரலாறு தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. தண்ணீருக்குள் நடக்க விட்டார்கள், அவர்கள் நடந்தார்கள்.

நவோஷிமாவே சாதாரண மனிதர்களின் தீவுதான். 1917இலிருந்து வடக்குப் பக்கம் தாது உருக்கும் ஆலை ஓடிய ஊர் அது. மூவாயிரம் பேர்தான் மொத்த மக்கள்தொகை. பக்கத்துத் தீவான தெஷிமாவில் சுமார் 9 லட்சம் டன் தொழிற்சாலைக் கழிவைச் சட்டவிரோதமாகக் கொட்டிவிட்டுப் போனார்கள். அதை எடுத்துச் சுத்திகரிக்க வந்த இடமும் நவோஷிமாதான். ஹொன்முராவில் கதோயா என்று ஒரு பழைய வீடு இருக்கிறது. 1998இல் முதலில் கலை வீடாக மாறியது அதுதான். உள்ளே இருட்டில் தண்ணீர்த் தொட்டி. தண்ணீருக்குள் எண் காட்டும் 125 விளக்குகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் எண்ணிக்கொண்டிருக்கின்றன. கலைஞர் தத்சுவோ மியாஜிமா. ஆனால் எந்த விளக்கு எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று முடிவு செய்தது ஊர்க்காரர்கள். ஐந்து வயதுக் குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை 125 பேர். மீன்பிடித்தும் ஆலையில் வேலை பார்த்தும் வாழ்ந்த அந்த ஊர் ஆட்களுக்கு இது ‘ஒத்துவராது’ என்று யாரும் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லவில்லை. இதை வேனில் யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால், அந்த வீட்டு வாசலில் ‘அடுத்தது எப்போ?’ என்று கேட்டவர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்திருப்பார்கள்.

பூசணியை நான் மட்டம் தட்டவில்லை. யாயோய் குசாமா வைத்த அந்த மஞ்சள் பூசணிக்குப் பக்கத்தில் நானும் நின்று படம் எடுத்துக்கொண்டேன். அதுதான் இப்போதும் என் வாட்ஸ்அப் முகப்பு. ஆனால் 2021 ஆகஸ்டில் புயல் அடித்து அந்தப் பூசணியைக் கடலில் இழுத்துக்கொண்டு போனது. 2022 அக்டோபரில்தான் திரும்ப வைத்தார்கள். அந்த இடைவெளியிலும் ஆட்கள் தீவுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். உங்கள் புதிய திட்டப்படி, இன்னொரு புயல் அடித்தால் நவோஷிமாவில் இறங்கக்கூட வேலை இருக்காது.

உங்கள் பக்கத்துச் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. முப்பது பேர், அதில் பாதிக்கு மேல் மூத்த குடிமக்கள், எட்டு மணிக்குள் சாப்பாடு. கின்சா என்கிற வீட்டை உங்களிடம் நான் கேட்கவே மாட்டேன்: ரெய் நைத்தோவின் அந்தப் படைப்புக்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போக முடியும், ஆளுக்கு 15 நிமிடம். முப்பது பேருக்கு ஏழரை மணி நேரம். ஏழரைதான். ஆனால் சிச்சூவும் மினாமிதேராவும் கதோயாவும் அப்படி இல்லை. திட்டமிட்டால் நடக்கும்.

ஆகவே நான் கேட்பவை இவை.

பழையபடி நவோஷிமாவுக்கு முழு நாள் ஒதுக்குங்கள். முந்தைய இரவை ஒகாயாமாவிலேயே தங்க வைத்தால் காலை ஃபெர்ரியைப் பிடித்துவிடலாம். ஒசாகாவிலிருந்து விடியற்காலையில் விரட்ட வேண்டியதில்லை. சிச்சூவும் கலை வீடுகளும் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதைத் தேதி போடும்போதே பாருங்கள். சிச்சூவுக்கு நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே எடுத்து, உள்ளே குறைந்தது இரண்டு மணி நேரம் கொடுங்கள். முப்பது பேரையும் ஒரே கதவில் நெரிக்காமல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி ஹொன்முராவில் இருக்கும்போது மறு பாதி சிச்சூவில் இருக்கட்டும். பூசணிகள் எங்கும் போகாது. திரும்பும் வழியில் எடுத்துக்கொள்ளலாம்.

முந்தைய நாள் இரவு ஹோட்டலில் அரை மணி நேரம் எல்லோரையும் உட்கார வைத்துத் தமிழில் சொல்லுங்கள். எந்த அறை இருட்டு, எங்கே படி அதிகம், எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், எங்கே போட்டோ கூடாது, ஏன் கூடாது. பயப்படுகிறவர்கள், முட்டி வலிக்காரர்கள் கடற்கரையிலேயே இருக்கலாம் என்று அப்போதே முடிவு செய்துகொள்வார்கள். அவர்களுக்காக வெட்டி டிக்கெட்டும் எடுக்க வேண்டாம். மினாமிதேராவுக்குள் போகும்முன் செல்போன்களை மேனேஜர் கையால் வாங்கிப் பையில் போடட்டும். அந்த மேனேஜரை ஒரு தடவை முதலில் உள்ளே அனுப்புங்கள். அந்தச் செலவு உங்களுக்குத் தாங்காதது இல்லை.

ஃபீட்பேக் படிவத்தில் ‘உள்ளே சென்றீர்களா?’, ‘நேரம் போதுமானதாக இருந்ததா?’ என்று இரண்டு கேள்விகளைச் சேருங்கள். சென்ற முறை சிச்சூ டிக்கெட் இருந்தும் வாசலில் உட்கார வைக்கப்பட்டவர்களுக்கு அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுங்கள்; எல்லோரிடமும் ரசீது இருக்கிறது. குழுவில் போட்ட ‘நம்ம ஆளுங்களுக்கு ஒத்துவராது’ என்ற பதிலை அதே குழுவில் திரும்பப் பெறுங்கள்.

அடுத்த வசந்த காலத்துக்கு முன்பணம் வாங்கத் தொடங்கும் முன் இவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும். கோயம்புத்தூர்க்காரரும் திண்டுக்கல் அம்மாவும் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், முழு நாள் என்றால் மட்டும்.

இப்படிக்கு,
சென்ற வசந்த காலக் குழுவில் வந்த ஒரு பயணி,
திருச்சி